மறு: ‘ஸ்ட்ரிங் ரெவல்யூஷன்’ – நூற்புரட்சி வேண்டாம், புரிப்புரட்சி என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நாரை முறுக்கிக் கயிறாக்கக் கற்றதால் மனித வாழ்வில் வந்த பெருமாற்றத்துக்கு, பழங்கால நெசவை ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் சூட்டிய பெயர் ‘ஸ்ட்ரிங் ரெவல்யூஷன்’. அதற்குத் தமிழில் ‘நூற்புரட்சி’ என்று முடிவு செய்யவிருப்பதாக நேற்றைய மடலில் கண்டேன். நம் கலைச்சொல் பதிவேட்டில் ஏற்றுமுன் என் மறுப்பையும் கேட்க வேண்டுகிறேன்.

நூற்புரட்சி என்றதும் பத்தில் ஒன்பது பேர் அச்சுப் புத்தகத்தைத்தான் நினைப்பார்கள். ‘பனுவல்’ என்றாலும் இதே சிக்கல். புறநானூற்றில் பருத்திப் பெண்டின் கையில் பஞ்சாக இருந்த சொல் இன்று புத்தகமாகிவிட்டது. ‘இழை’ ஒற்றையாக நிற்பது. ‘கயிறு’ பருமனைச் சொல்லிவிடுகிறது. ‘திரிப்பு’ என்றால் பொய் என்று பொருள்படும்.

நான் முன்வைப்பது ‘புரி’, அதாவது முறுக்கித் திரித்தது. இச்சொல்லைப் பற்றிக் குழுமத்தில் எழுந்த இரண்டு ஐயங்களைக் கீழே எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறேன்.

பாலாற்றங்கரையில் எங்கள் ஊரில் கதிரடிப்பு முடிந்ததும் வைக்கோற்புரி விடுவார்கள். தாத்தா குந்தியபடி வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க, நான் ஒரு குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நடப்பேன். குச்சியை விட்டால் அத்தனை முறுக்கும் அவிழ்ந்துபோகும். ஆனால் நடுவில் பிடித்து இரண்டாக மடித்துவிட்டால், இரு பாதிகளும் எதிர்த்திசையில் ஒன்றையொன்று தாமே சுற்றிக்கொள்ளும், பிறகு அவிழாது. ஒவ்வொன்றும் அவிழ முயலும் விசையே மற்றதை இறுக்குகிறது. மனிதன் கண்டுபிடித்தவற்றில் இதற்கு இணையானவை மிகச் சில என்பது என் உறுதியான எண்ணம். வலை, தூண்டில், வில்லின் நாண், தூளி, நெய்த துணி, கிணற்றுக் கயிறு எல்லாம் இதற்குப் பின் வந்தவையே. நார் மக்கிவிடுகிறது, கல் நிலைக்கிறது. அதனால்தான் அக்காலத்துக்குக் கற்காலம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதே வைக்கோற்புரிதான் முப்புரி நூலிலும் இருக்கிறது. கை பருமனுக்கு வைக்கோலும் மயிரிழைபோலப் பருத்தியும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. வேறு எந்தச் சொல்லுக்கு இந்த வீச்சு உண்டு?

> கயிறு திரிப்பவர்கள் ‘மூன்று புரிக் கயிறு’ என்கிறார்கள். அங்கே புரி என்பது உறுப்பு, முழுமை அல்ல. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைக்கலாமா?

நல்ல கேள்வி, ஐயா. ஒரு படியில் முழுமையாக இருப்பது அடுத்த படியில் உறுப்பாகிறது. பொருளின் அமைப்பே அதுதான். எண்ணோடு வந்தால் உறுப்பு, தனியே வந்தால் முழுமை என்று வரையறுத்துவிடலாம். எடுத்துக்காட்டாக, தெற்குப் பிரான்சில் அப்ரி டு மாராஸ் குகைவாழிடத்தில் கிடைத்து 2020இல் அறிவிக்கப்பட்ட கயிற்றுத் துண்டு 6 மில்லிமீட்டர் அளவுதான். நியாண்டர்தால் மனிதர் ஊசியிலை மரத்தின் உட்பட்டை நாரைக் கொண்டு 40,000 ஆண்டுகளுக்கும் முன் செய்தது. மூன்று நார்க்கற்றைகளைத் தனித்தனியே ஒரு பக்கம் முறுக்கி, பின் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கிறார்கள். ‘முப்புரி’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘புரி’ என்பது ‘பிரி’ ஆகிவிடுகிறது. எழுத்தில் அது பிரிவைக் குறிக்கும் என்பதால் ‘புரி’ என்றே நிறுத்த வேண்டும்.

முறுக்கின் திசைக்குத்தான் அதிகம் தடுமாறினேன். ‘எஸ்’ முறுக்கு, ‘இசட்’ முறுக்கு என்று அந்த எழுத்துகளின் நடுக்கோட்டுச் சாய்வை வைத்துச் சொல்கிறார்கள். நம்மிடம் வலம்புரி, இடம்புரி இருக்கின்றனவே என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு சங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வலம்புரிச் சங்கின் சுற்று, எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ‘எஸ்’ நடுக்கோட்டின் பக்கமே சாய்கிறது. பொறியியலில் வலக்கைத் திருகு என்பதோ ‘இசட்’ சாய்வு. வலம்புரி என்ற சொல்லை எடுத்தால் சங்கோடு மோத வேண்டும், அல்லது திருகோடு மோத வேண்டும். கடிகார முள்ளின் திசையைக் குறிக்கும் பாடநூலின் வலஞ்சுழியும் உதவாது. எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். எனவே சங்கைச் சங்குக்கே விட்டுவிட்டு, ‘இசட்’டுக்கு வலமுறுக்கு, ‘எஸ்’ஸுக்கு இடமுறுக்கு என்று வைப்போம். கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் நார் வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவது வலமுறுக்கு.

> புரி என்றால் தருமபுரியும் நினைவுக்கு வரும், புரிதலும் நினைவுக்கு வரும்.

வரட்டும், அம்மா. வைக்கோற்புரி என்று கேட்டு எவரும் ஓர் ஊரைத் தேடிப் போனதில்லை. புரிப்புரட்சி என்ற கூட்டுச்சொல்லில் அந்த மயக்கம் இன்னும் குறைவு.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது: மடித்ததும் தானே சுற்றிக்கொள்ளும் அந்த இரண்டாம் முறுக்கு. ‘எதிர்முறுக்கு’ என்று நானே வைத்துக்கொண்டேன். ஆனால் நாள்தோறும் அதைச் செய்கிறவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கக்கூடும். வரும் ஞாயிறு குடியாத்தம் பக்கம் போகிறேன். புளிச்சை நாரில் கயிறு திரிக்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரிடம் கேட்டு எழுதும்வரை அந்த ஒரு பதிவை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து