புதுப்பிப்பு: அம்மாவின் இதயம், ஆறு வாரம் கழித்து

முன்பு எழுதியது இதுதான்: அம்மாவுக்கு இதய வால்வில் கிருமித் தொற்று. ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருந்த நான்காம் நாள் திடீரென நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். தொற்றுக்கட்டியின் துணுக்கு பிய்ந்து போய் இதய ரத்தக்குழாயை அடைத்துவிட்டதோ என்று எல்லோருக்கும் பயம்.

ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. எக்கோவில் (இதய ஸ்கேன்)தான் தெரிந்தது: இடது கீழறையின் நுனி பலூன் போல உப்பி, அசையாமல் கிடந்தது. டகோட்சுபோ என்ற இதயக் கோளாறு என்றார்கள். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது. உப்பிய இதயம் அந்தப் பானை போலத் தெரிவதால் 1990இல் அங்கேதான் இந்தப் பெயரை வைத்தார்கள். உடலோ மனமோ பெரிய அதிர்ச்சியில் இருக்கும்போது அட்ரினலின் பெருகி இதயத் தசையை மரத்துப்போக வைக்கிறதாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். "ரொம்பக் கவலைப்பட்டிருப்பார்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கோபம்கூட வந்தது. ரத்தத்தில் கிருமி ஓடுவதே போதுமான அதிர்ச்சி.

சரி, இப்போதைய நிலை. ஆறு வார ஊசி முடிந்தது, கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி இல்லை. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதத்திலிருந்து 55க்கு ஏறிவிட்டது. வால்வில் கசிவு மட்டும் மிச்சம். அறுவை சிகிச்சை பற்றி அடுத்த எக்கோவுக்கு அப்புறம் சொல்வார்கள். மறுபடி வால்வில் தொற்று வராமலிருக்க, இனி பல் பிடுங்குவதென்றாலும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட வேண்டும்.