மெஷின் வாளைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்வதும் மழைக்காலத்தில் பாதுகாத்து வைப்பதும்

பொன்மனை விவசாயி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பொன்மனைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டமும், எல்லையோரமாகச் சில பலா, அயினி மரங்களும் உள்ளன. 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்தபோது ஒரு மெஷின் வாள் (பெட்ரோலில் ஓடும் செயின் சா) கிடைப்பதற்காக நாள்கணக்கில் காத்திருந்த அனுபவத்தினால், பின்னர் 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பொருத்திய வாள் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். ஆண்டுக்கு நான்கைந்து முறைக்கு மேல் அதற்கு வேலை இருப்பதில்லை. வேலை செய்யும்போது எந்தக் குறையும் வைக்காத அந்த வாள், சும்மா இருக்கும்போதுதான் கெட்டுப்போகிறது.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் இருக்கிற புரையின் (கொட்டகையின்) மூலையில், சணல் சாக்கில் சுற்றி அதை வைத்திருப்பது என் வழக்கம். இந்த ஆண்டு ஆடிச் சாரல் முடிந்து எடுத்துப் பார்த்தபோது செயின் முழுவதும் துருவேறியிருந்தது. கீழே தரையில் எண்ணெய் வட்டமாகப் படர்ந்திருந்தது. கயிற்றை எத்தனை முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. தோட்டம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வாளைக் கிடத்தி, டூ ஸ்ட்ரோக் ஆயில் சேர்த்த கலவைப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துச் செல்வேன். அப்படி ஒரு நாள் வளைவில் திரும்பும்போது செயினின் பல் வேட்டியைக் கிழித்ததோடு நின்றது நல்ல காலம். வாளையும் அதன் உதிரிப் பொருட்களையும் எப்படிக் கொண்டு செல்வது, எப்படி வைத்திருப்பது என்று தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருவட்டாறு மரத்தொழிலாளி (பதில்):

தம்பி, கொண்டு செல்வதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மெஷினின் உள் விவகாரத்தை மெக்கானிக்குகள் சொல்லட்டும். பாருக்குரிய பிளாஸ்டிக் உறை இல்லாமல் வாள் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. உறை தொலைந்துவிட்டால், பழைய தீயணைப்புக் குழாயையோ கெட்டியான தோட்டத்து ஹோஸையோ பாரின் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் நெடுகக் கீறி, செயின் மேல் செருகிக் கட்டிக்கொள்ளலாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

தோட்டத்துக்குள் நடக்கும்போது, அடுத்த மரம் பத்தடி தூரத்தில் இருந்தாலும், செயினை ஓடவிடாமல் பிடிக்கும் செயின் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவதென்றால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். முன் கைப்பிடியைப் பிடித்து, பார் பின்னோக்கி இருக்கும்படியும், சூடான சைலன்சர் உடம்பைத் தொடாதபடியும் தூக்க வேண்டும். நம் மலையோரத் தோட்டங்களில் சரிவில் நடக்கும்போது வாள் எப்போதும் பள்ளத்துப் பக்கக் கையில் இருக்கட்டும். வழுக்கினால் அதைக் கீழே எறிந்துவிட்டு மேட்டுப் பக்கம் சாய்ந்துகொள்ளலாம். துவர்த்தை (துண்டை) மடித்துத் தோளில் போட்டு அதன் மேல் வாளை வைத்துச் செல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாரின் அடியில் இருக்கும் இரும்பு முள் கழுத்துக்கு மிக அருகில் வரும் என்பதால் அந்தப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் எங்கள் ஆட்கள் கேட்பதில்லை.

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடம் வாளுக்கு ஏற்றதன்று. பின்னால் கேரியர் பொருத்தி, அதில் ஒரு பெட்டியைக் கட்டி, வாளை வேலை செய்யும் நிலையிலேயே நிமிர்த்தி வைத்து இறுக்குங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் பெட்ரோலும் செயின் ஆயிலும் கசியும். வேலை முடிந்த கையோடு பெட்டிக்குள் திணிக்காமல், சைலன்சர் ஆறும் வரை ஒரு கட்டன் சாயா குடியுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துச் செல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். தாகத்தில் யாரேனும் வாயில் வைத்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. பெட்ரோலுக்கும் செயின் ஆயிலுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட இரட்டைக் கேன் கடைகளில் கிடைக்கிறது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல், குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று கயிற்றை இழுக்க வேண்டும்.

மார்த்தாண்டம் மெக்கானிக் (பதில்):

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஷீட் அடிக்கும் புரையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனும் இருக்குமல்லவா? அந்த ஆவி இரும்பை அரிக்கும். அதற்கு மேல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சணல் சாக்கையும் சுற்றினால் செயின் துருப்பிடிக்காமல் இருப்பதுதான் அதிசயம். ஆசிட் இல்லாத, அடுப்பும் புகைப்புரையும் அண்டையில் இல்லாத, காற்றோட்டமுள்ள அறையில், சிமெண்டுத் தரையில் அல்லாமல் மரத்தட்டின் மேல் வாளை வையுங்கள்.

எண்ணெய் வட்டத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. டாங்கில் செயின் ஆயில் இருந்தால் நிறுத்திய பிறகும் சிறிது கசியும். அடியில் ஒரு தட்டில் மரத்தூளைப் பரப்பி வைத்தால் போதும். ஆனால், வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தி வைக்கிறீர்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. சூட்டில் நீண்ட செயினை நாம் இறுக்கியிருப்போம். ஆறும்போது அது சுருங்கி, பாரையும், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டையும், அதன் பேரிங்கையும் இழுக்கும்.

ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான் காரணம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும், டாங்கினுள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் முனையும் அடியில்தான் கிடக்கிறது. இன்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயபிரம் (மெல்லிய சவ்வு) விறைத்துப்போவதும் இதனால்தான். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் வாளுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால், டாங்கை முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் எரிந்து தீரும்வரை இன்ஜினைத் தானாக நிற்க விடுங்கள். கலவையையும் தேவைக்கு மட்டுமே கலக்க வேண்டும்: கையேடு 50-க்கு 1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி.

பாரைக் கழற்றி, அதன் பள்ளத்தில் அடைத்திருக்கும் தூளைத் தகட்டால் வழித்தெடுங்கள். ரப்பர் மரம் அறுத்த செயினில் பால் ஒட்டிக் கோந்து போலாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்து, துடைத்து உலர்த்திய பிறகு, ஒரு டப்பாவில் செயின் ஆயில் ஊற்றி அதில் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கு வந்த ஒரு வாளில், எண்ணெயில் கிடந்த செயின் ஆறு மாதம் கழித்தும் புதிதுபோல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பொன்மனை விவசாயி:

மிக்க நன்றி, அண்ணன்மாரே. செயினைத் தளர்த்த வேண்டும் என்பதே எனக்குப் புதிய செய்தி. ஒரு சந்தேகம்: பைக்கை நீண்ட நாள் நிறுத்தினால் டாங்க் நிறையப் பெட்ரோல் விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருவேறும் என்பார்களே, அது இதற்குப் பொருந்தாதா?

மார்த்தாண்டம் மெக்கானிக்:

பைக்கின் டாங்க் தகரம். மெஷின் வாளின் டாங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக். துருப்பிடிக்கப் பொருளே இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

குளச்சல் கடலோரத்தான் (பதில்):

எங்கள் பக்கம் உப்புக்காற்று என்பதால் பெட்டி இல்லாமல் எந்தக் கருவியும் நிலைப்பதில்லை. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் நல்லதுதான், ஆனால் அடியில் நான்கு துளைகள் இட்டுக்கொள்ளுங்கள். ஈரம் உள்ளேயே நின்றால் பெட்டியே பகையாகிவிடும். மரத்தில் அடிப்பதாக இருந்தால், தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று ரப்பர் பலகையை எடுக்க வேண்டாம். மருந்தேற்றாத ரப்பர் பலகையைப் பூச்சி அரித்துவிடும். அயினியோ பலாவோ இருக்கும்போது அதற்கென்ன குறை?

செயினைக் கூர்தீட்டும் உருண்டை அரங்களை ஒரே பையில் ஒன்றோடொன்று உரசும்படி போடாதீர்கள், அரத்தின் பல் மழுங்கிவிடும். மின்கம்பி இழுக்கும் பிவிசி குழாயைத் துண்டுகளாக வெட்டி, இரு முனைகளையும் மூடி, ஒவ்வொரு துண்டிலும் ஓர் அரத்தை வைத்து, 4.0, 4.8, 5.5 என்று மில்லிமீட்டர் அளவை வெளியே எழுதிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் எவ்வளவு நல்லதோ, அரத்துக்கு அவ்வளவு கெடுதல். எண்ணெய் பட்ட அரம் தூளைப் பிடித்துக்கொண்டு அறுக்காது. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்தால் வீட்டிலுள்ள பிள்ளைகள் கயிற்றை இழுத்தாலும் அச்சமில்லை. இன்னொன்று, சைலன்சர் துளையில் குளவி மண்கூடு கட்டும். துணியை அடைத்து, எடுக்க மறக்காதபடி அதன் வால் நீளமாக வெளியே தொங்கட்டும்.

பொன்மனை விவசாயி:

குளவி என்று படித்ததும் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தேன், ஐயா. சைலன்சருக்குள் சுண்டுவிரல் அளவு மண்கூடு இருந்தது. அதைக் குத்தி எடுத்து, டாங்கை வடித்தபோது வந்தது பெட்ரோல் வாசனையே அல்ல, வார்னிஷ் வாசனை. புதுக் கலவை ஊற்றி இழுத்ததில் வாள் உயிர் பெற்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் மட்டும் அணைகிறது. டயபிரம் விறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மார்த்தாண்டம் கொண்டு வருகிறேன், உறை போட்டு, பெட்டியில் நிமிர்த்தி வைத்துத்தான்.