புதுப்பித்தபின் எழாத மெய்நிகர் சர்வர்கள்: காப்புநகலை மீட்பதா, பழுதைத் தேடுவதா?

கேள்வி

ஒரே கேவிஎம் ஹோஸ்டில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் உண்மையான கணினி) டெபியன் லினக்ஸ் இயங்கும் நான்கு மெய்நிகர் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். நேற்றிரவு கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) உட்பட நிலுவையில் இருந்த புதுப்பிப்புகள் அனைத்தையும் நான்கிலும் நிறுவி, ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தேன். இரண்டு உடனே திரும்பிவிட்டன. மற்ற இரண்டுக்கும் பிங் (பிணையத்தில் பதில் வருகிறதா என்ற சோதனை) கூடப் போகவில்லை. ஆனால் ஹோஸ்டில் பார்த்தால் இரண்டும் ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டுகிறது. அவற்றின் கன்சோலை, அதாவது திரையை, திறந்தபோது, முதலாவதில் ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்பு அமைப்பை) ஏற்ற முடியவில்லை என்ற வரியும், அதன் இறுதியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூஜ்யங்களும், கர்னல் பேனிக் (கர்னல் மேலே தொடர முடியாமல் நின்றது) என்ற அறிவிப்பும் இருந்தன. இரண்டாவது, ஏதோ ஒரு டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, பராமரிப்புக்கு ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது. அதுதான் தரவுத்தள சர்வர். கையில் இருப்பது ஆறு நாள் பழைய காப்புநகல். அதை மீட்டால் ஆறு நாள் பதிவுகள் போய்விடும். மீட்காமல் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1

காப்புநகலை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டு சர்வர்களிலும் தரவு பத்திரமாக இருக்கிறது என்றே தோன்றுகிறது. ஹோஸ்ட் ‘ஓடுகிறது’ என்று காட்டுவதற்கு, மெய்நிகர் கணினிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. உள்ளே இயங்குதளம் எழுந்ததா என்பதைக் கன்சோல் மட்டுமே சொல்லும். அதை முதலில் திறந்து பார்த்தீர்களே, அதுதான் சரியான தொடக்கம்.

முதல் சர்வரில் அந்த இரண்டு பூஜ்யங்கள் பெரும்பாலும் ஒன்றையே குறிக்கும்: புதிய கர்னலுக்கு உரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகவில்லை. டிஸ்க்கை அணுகத் தேவையான டிரைவர்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் கர்னலின் கண்ணுக்கு எந்த டிஸ்க்கும் தென்படாது. கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதி நிரம்பியிருக்கும்போது இப்படி நடக்கும். கர்னல் கோப்புக்கு இடம் கிடைத்துவிடும், அதைவிடப் பெரிய இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுவிடும். பிறகு கிரப் பட்டியல் (தொடங்கும்போது எந்தக் கர்னலை ஏற்றுவது எனக் காட்டுவது) மறுபடி எழுதப்படும்போது அந்த அரைகுறைக் கர்னலே முதல் வரிசைக்கு வந்துவிடும். பிழைச் செய்தி நிறுவலின்போதே வந்திருக்கும், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்திருக்கும்.

கிரப் பட்டியலில் கூடுதல் தேர்வுகளுக்குள் சென்று முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், சர்வர் எழுந்துவிடும். எழுந்தபின் பூட் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பழைய கர்னல்களைக் கையால் அழிக்காமல் டெபியனின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாகவே நீக்குங்கள். தற்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை மட்டும் விட்டுவையுங்கள். பாதியில் நின்ற நிறுவலை, ஆப்ட்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி கருவியைக் கொண்டு முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கி, கிரப் பட்டியலைப் புதுப்பித்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள்.

இரண்டாவது சர்வருக்கும் புதுப்பிப்புக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். ஒன்றரை நிமிடம் என்பது, தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்பட்டிருக்கும் ஒரு டிஸ்க் தென்படாதபோது, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருக்கும் நேரம். எப்போதோ கழற்றப்பட்ட டிஸ்க் ஒன்றின் வரி அங்கே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த வரி உங்கள் காப்புநகலிலும் இருக்கும். ஆறு நாள் தரவை இழந்து மீட்ட பிறகும் அது இதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று, மிக்க நன்றி. முதல் சர்வரின் பூட் பகுதி நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. உள்ளே ஐந்து கர்னல்கள், இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளோ நான்குதான். முந்தைய கர்னலில் ஏற்றி, இரண்டு பழையவற்றை நீக்கி, மீதியை முடித்தேன்.

தரவுத்தள சர்வரில், எட்டு மாதங்களுக்கு முன்பு நானே கழற்றிய காப்பு டிஸ்க்கின் யுயுஐடி (அடையாள எண்) எஃப்எஸ்டேப்பில் அப்படியே இருந்தது. டிஸ்க்கைக் கழற்றினேன், வரியை நீக்க மறந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சர்வரை ஒருமுறைகூட மறுதொடக்கம் செய்யவில்லை. ரூட் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்ததால் முதலில் அதை எழுதும் நிலையில் மறுபடி ஏற்றி, பிறகே வரியைத் திருத்த முடிந்தது. ஒரு பதிவுகூடப் போகவில்லை.

மறுமொழி 2

பல மாதங்கள் நிறுத்தாமல் ஓடிய சர்வரில் புதுப்பிப்பைத் தொடுவதற்கு முன்பே ஒருமுறை வெறுமனே மறுதொடக்கம் செய்துவிடுவது என் வழக்கம். பழைய மாற்றம் எதுவும் காலை வாரினால் அப்போதே தெரிந்துவிடும், புதுப்பிப்பின் மீது வீண்பழி விழாது. அதன்பின் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டு நிறுவுவேன். ஆனால் ஸ்னாப்ஷாட்டை நாள்கணக்கில் வைத்திருக்க மாட்டேன். டெபியனில் ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் சரிபார்ப்புத் தேர்வு, கிடைக்காத டிஸ்க்கைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் வரிகளை முன்கூட்டியே சுட்டிக்காட்டும். இல்லாமலும் சர்வர் எழலாம் என்று கருதும் டிஸ்க்குகளுக்கு அந்த வரியில் நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் தொடரச் சொல்லும் தேர்வு) சேர்த்துவிடுங்கள்.

புதுப்பிப்பே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2022 ஜனவரி 11 அன்று வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு, யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் நிலைபொருள்) கொண்ட விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஹோஸ்டுகளில், மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினிகளை எழவிடாமல் செய்தது. 17ஆம் தேதி திருத்தம் வந்தது. 2023 பிப்ரவரியில் விண்டோஸ் சர்வர் 2022-க்கு வந்த புதுப்பிப்பு இன்னும் ஏமாற்றக்கூடியது: விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 7.0-இல் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் மெய்நிகர் கணினிகள் முதல் மறுதொடக்கத்தில் எழுந்து, அடுத்ததில் விழுந்தன. புதுப்பிப்பை நீக்கியும் பயனில்லை. செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டியிருந்தது, அல்லது ஹோஸ்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நிறுவியபின் இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்க்கிறேன்.

கேட்டவர்

நல்லபடியாக எழுந்த மற்ற இரண்டையும் இப்போது சோதித்தேன். ஒன்றில் பூட் பகுதி 91 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அடுத்த கர்னலுக்கு அதுவும் இதே நிலைக்கு வந்திருக்கும். பழைய கர்னல்களை நீக்கிக்கொண்டிருக்கிறேன்.