எம்ஜி-மாஃப்-74: குறைந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு உறிஞ்சல் பாதிதான் வருகிறது, உதவி தேவை

இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பிரிக்க எம்ஜி-மாஃப்-74 (மக்னீசியம் அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் நுண்துளைப் பொருள்) எப்படி வேலை செய்யும் என்று ஜிசிஎம்சி முறையில் (துளைகளில் எவ்வளவு வாயு தங்கும் என்பதைத் தற்செயல் நகர்வுகளால் கணக்கிடும் கணினி முறை) கணித்து வருகிறேன். 298 கெல்வின், 0.1 பாரில் ஆய்வகச் சோதனையில் அளந்த உறிஞ்சல் கிலோவுக்கு 5 மோலுக்கு மேல். எனக்கு அதில் பாதிகூட வரவில்லை. அழுத்தம் ஏற ஏற வித்தியாசம் குறைகிறது. மீத்தேன் ஓரளவு பொருந்துகிறது. இடிப்பது தொடக்கப் பகுதி மட்டும்தான். ஆனால் தேர்திறனைத் (ஒரு வாயுவை மட்டும் தேர்ந்து பிடிக்கும் திறனை) தீர்மானிப்பதே அந்தப் பகுதி என்பதால் அப்படியே விட மனமில்லை.

மென்பொருள் ராஸ்பா. சட்டகத்துக்கு (பொருளின் அணு அமைப்புக்கு) யூஎஃப்எஃப், வாயுக்களுக்கு ட்ராப்பி (இரண்டும் அணுக்களிடை விசைக்கான ஆயத்த அளவுருத் தொகுப்புகள்), அணுக்களின் மின்சுமை டிடிஇசி கணக்கீட்டு முறையில். கட்ஆஃப் (விசைகளைக் கணக்கில் எடுக்கும் தூர எல்லை) 12.8 ஆங்ஸ்ட்ராம், அறுகோண அலகுக்கூடு 2×2×4, சட்டகம் அசையாதது.

கணிப்புச் சுழற்சிகளைக் கூட்டினேன், மாற்றமில்லை. சிஐஎஃப் கோப்பில் (படிக அமைப்புக் கோப்பு) கரைப்பான் மிச்சமில்லை. மின்சுமையை வேறு முறையில் கணக்கிட்டும் பயனில்லை. மக்னீசியத்தின் எப்சிலானை (ஈர்ப்பின் வலிமையைக் குறிக்கும் அளவுரு) உயர்த்தினால் மீத்தேனும் சேர்ந்து எகிறுகிறது, அந்த வழி சரியில்லை. மூலக்கூறுகள் உட்காரும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று பட்டது: அணுக்களின் இடத்தை அளக்கும் நியூட்ரான் டிஃப்ராக்‌ஷனில் மக்னீசியத்துக்கும் கார்பன் டை ஆக்ஸைடின் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 2.3 ஆங்ஸ்ட்ராம், என் கணிப்பில் 2.8 வரைதான் நெருங்குகிறது. திறந்த உலோக மையத்தின் (ஒரு பக்கம் பிணைப்பின்றித் துளைக்குள் வெளிப்படும் மக்னீசியத்தின்) ஈர்ப்பை யூஎஃப்எஃப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டிஎஃப்டி (குவாண்டம் கணக்கீட்டு முறை) தரும் ஆற்றல்களை வைத்து இந்த மக்னீசியம்–ஆக்சிஜன் இணைக்கு மட்டும் புது அளவுருக்கள் பொருத்துவதென்றால், லென்னார்ட்-ஜோன்ஸ் வடிவமே (அணுக்களிடை ஆற்றலைத் தூரத்தோடு இணைக்கும் வழக்கமான சூத்திரம்) போதுமா, விலக்கு விசையை வேறு விதமாக எழுதும் பக்கிங்ஹாமுக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?