செக்கர்போர்டா, லெஜண்ட்ஸா? சிகாகோ ப்ளூஸ் கிளப்பும் அதன் கம்போவும்

பன்னிரண்டுபார் கேட்டது:
சிகாகோவில் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கய் நடத்தும் லெஜண்ட்ஸ் என்ற இசை கிளப்பைப் பற்றித் தேடினால் ஆளுக்கொரு கதை வருகிறது. 1972இல் தொடங்கியது என்கிறது ஒரு பதிவு. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸுடன் பாடியது இங்கேதான் என்கிறது இன்னொன்று. முகவரியும் இரண்டு. எதை நம்புவது? அப்புறம், சிகாகோ கிளப்பில் லூசியானா சாப்பாடான கம்போவும் (கெட்டியான குழம்பு) ஜம்பலாயாவும் (கலவைச் சோறு) எதற்கு? கம்போவை வீட்டில் செய்தால் கசந்துபோகிறது. காரணம் தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
இரண்டு கிளப்புகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். 1972 என்பது செக்கர்போர்டு லவுஞ்ச். ஊரின் தெற்குப் பகுதியில், 43ஆம் தெருவில், பட்டி கய்யும் எல்.சி. தர்மனும் சேர்ந்து தொடங்கியது. ஸ்டோன்ஸ் சமாச்சாரமும் அங்கே நடந்ததுதான்: 1981 நவம்பர் 22. சுற்றுப்பயணத்தில் சிகாகோ வந்திருந்த ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், ரான் வுட் மூவரும் மடி வாட்டர்ஸின் மேடையில் ஏறிக்கொண்டார்கள். அந்த ஒளிப்பதிவு 2012இல் முறைப்படி வெளிவந்தது.

லெஜண்ட்ஸ் திறந்தது 1989 ஜூனில். மடி வாட்டர்ஸ் 1983இலேயே காலமாகிவிட்டார். இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் அந்தப் பதிவை எழுதியவரே தப்பைக் கண்டுபிடித்திருப்பார்.

முகவரி இரண்டுமே சரி. முதலில் தெற்கு வாபாஷ் அவென்யூ 754. 2010இல் அதே தெருவில் வடக்கே கொஞ்சம் தள்ளி 700க்கு மாறியது. கூப்பிடு தூரம்தான். அதனால்தான் பழைய கட்டடத்தின் படத்தைப் போட்டு இப்போதைய கிளப் என்று எழுதிவிடுகிறார்கள். படம் 2010க்கு முந்தையதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோனிகா_சி:
தெற்குவாசல் சொன்னதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

செக்கர்போர்டுக்கு முன்பே தெரசாஸ் லவுஞ்ச் என்ற ப்ளூஸ் கிளப் இருந்தது. 48ஆம் தெருவும் இந்தியானா அவென்யூவும் சந்திக்கும் மூலையில், படியிறங்கிப் போகும் நிலவறை. 1949 முதல் 1983 வரை நடந்தது. ஹார்மோனிகா கலைஞர் ஜூனியர் வெல்ஸும் பட்டி கய்யும் அங்கே வழக்கமாக வாசித்தவர்கள். செக்கர்போர்டை எண்பதுகளின் நடுவில் பட்டி கய் விட்டு விலக, தர்மன் தனியாக நடத்தினார். கட்டடம் பழுதாகி 2003இல் மூடியது. 2005இல் ஹைட் பார்க்கில் திரும்பத் திறந்து, 2015இல் அதுவும் முடிந்தது.

இதற்கிடையே ப்ளூஸ் கேட்பவர்கள் இடம் மாறிவிட்டார்கள். ஊரின் வடக்கே கிங்ஸ்டன் மைன்ஸ் என்ற கிளப் 1968இலும், ஹால்ஸ்டெட் தெருவில் ப்ளூஸ் என்ற பெயரிலேயே ஒரு கிளப் 1979இலும் வந்தன. லெஜண்ட்ஸ் தெற்கின் குடியிருப்புக்குள்ளும் போகவில்லை, வடக்குக்கும் போகவில்லை. நகர மையத்தின் தெற்கு விளிம்பில் உட்கார்ந்தது. ஹோட்டல்கள் பக்கத்தில், ரெட் லைன் ரயிலின் ஹாரிசன் நிலையம் நடக்கும் தூரத்தில். வெளியூர்க்காரன் கிட்டார் கேட்க வந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டும் போகலாம். அது நிலைத்ததில் பாதிப் பங்கு இந்த இடத்துக்குத்தான் என்பேன். ஜனவரியில் பட்டி கய்யே பல இரவுகள் வாசிப்பது வழக்கம். அந்த மாதத்துக்குப் போவதென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வாசலில் போய் நிற்காதீர்கள்.

கரண்டிக்காரி:
சாப்பாட்டுக் கேள்விக்கு நான். பட்டி கய் 1936இல் லூசியானா மாநிலத்தின் லெட்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோ வந்து சேர்ந்தார். ஊர்ச் சாப்பாடு கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கசப்புக்குக் காரணம் நிச்சயம் ரூ, அதாவது எண்ணெயில் வறுக்கும் மாவு. ஒரு கப் கடலை எண்ணெய், ஒரு கப் மைதா. அடிகனமான இரும்புச் சட்டி, மிதமான தீ, தட்டை முனை மரக்கரண்டியால் 40 நிமிடம்வரை விடாமல் கிளற வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பு நிறத்துக்கு வந்து, கடைசியில் சாக்லேட் நிறத்தில் நிற்கும். வெண்ணெய் போடாதீர்கள், அதிலுள்ள பால் கசடு முதலில் கருகும். சட்டியின் மூலையில் கரண்டி எட்டாமல் போனாலும் அங்கே மாவு ஒட்டிக் கருகும். ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். தண்ணீர், சர்க்கரை, எதை ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது.

நிறம் வந்த நொடியில் 2 பங்கு வெங்காயம், 1 பங்கு செலரி, 1 பங்கு குடமிளகாய் நறுக்கியதைக் கொட்டுங்கள். அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சட்டிச் சூட்டிலேயே மாவு கருகிக்கொண்டிருக்கும். காயின் ஈரம்தான் அதை நிறுத்தும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு 7 அல்லது 8 கப் கோழி வடிசாறு, ஒரு மணி நேரக் கொதி.

ரூ கறுக்கக் கறுக்க அதன் மாவுச்சத்து சிதைந்து கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். அதைச் சரிக்கட்டத்தான் வெண்டைக்காயோ, சாஸஃப்ராஸ் என்ற மரத்தின் இலையை அரைத்த ஃபிலே பொடியோ போடுகிறார்கள்.

பன்னிரண்டுபார்:
மூவருக்கும் நன்றி. தீயைக் கூட்டி 15 நிமிடத்தில் முடித்ததுதான் தப்பு போல. ஃபிலே பொடி இங்கே கிடைக்காது, வெண்டைக்காயை அப்படியே போடலாமா?

கரண்டிக்காரி:
அப்படியே போட்டால் கொழகொழவென்று நூல் இழுக்கும். கால் கிலோவை வட்டமாக நறுக்கி, கொழகொழப்பு அடங்கும்வரை தனியாக எண்ணெயில் வதக்கி, வடிசாறு ஊற்றும்போதே சேர்த்துவிடுங்கள். என்றைக்காவது ஃபிலே கிடைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும். அது கொதித்தால் நாராகிவிடும்.