லாக்-அவுட் டேக்-அவுட்: ‘தன்பூட்டு’ சரிவருமா?

வணக்கம். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது யாரும் அதை ஓட்டிவிடாதபடி பூட்டிவைத்து (லாக்-அவுட்), எச்சரிக்கை அட்டை மாட்டும் (டேக்-அவுட்) முறைக்குத் தமிழில் ‘தன்பூட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> லாக்-அவுட்டுக்குக் ‘கதவடைப்பு’ என்று அகராதியிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, கதவடைப்பு என்பது முதலாளி ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்துவது. இங்கே பேச்சு வேறு. இயந்திரத்தைப் பழுதுபார்க்க இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தம் பூட்டைக் கழற்றும்வரை யாராலும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. அமெரிக்காவில் 1989இல் இதற்கென்றே தனி விதி வந்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், தற்செயலாக ‘ஆன்’ பக்கம் நகர்ந்துவிடக்கூடிய சுவிட்சைப் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்று 24ஆம் பிரிவில் சொன்னது.

> ‘ஆற்றல் தனிமைப்படுத்தல்’ என்று வைக்கலாமே?

கொரோனாவுக்கு அப்புறம் தனிமைப்படுத்தல் என்றாலே வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, பூட்டு யாருடையது என்பதை அது சொல்லவில்லை. “ஆஃப் பண்ணிட்டேன், நீ உள்ளே போ” என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். ஷிப்ட் மாறுகிறது. புதிதாக வந்தவருக்கு உள்ளே ஒருவர் கை இருப்பது தெரியாது. விபத்து நடப்பது இப்படித்தான். அதனால்தான் ‘தன்பூட்டு’ என்கிறேன். மின்வாரியத்தில் கம்பியில் கைவைக்கும் முன் “எல்.சி. (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கியாச்சா?” என்று கேட்பதுபோல், “தன்பூட்டு போட்டாச்சா?” என்று வாயில் வர வேண்டும். டேக்குக்கு ‘ஓட்டாதே அட்டை’ போதும். அதில் பூட்டியவர் பெயரும் நேரமும் இருக்கும்.

இன்னொரு சொல்லும் தேவை. நூற்பாலையில் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினை அணைத்தாலும் உள்ளிருக்கும் கனமான சிலிண்டர் உடனே நிற்காது, நல்ல நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேலெல்லாம் ஊசிப்பல் கம்பி. சத்தம் குறைந்துவிட்டதே என்று மூடியைத் திறந்து சிக்கிய பஞ்சை எடுக்கப் போனால் விரல் போய்விடும். தூக்கி நிற்கும் பிரஸ், குழாயில் அடைபட்ட காற்று எல்லாம் இதே கதைதான். இதை ‘மிச்ச விசை’ எனலாம். இயற்பியல் நண்பர்கள் ‘எஞ்சிய ஆற்றல்’ என்பார்கள். பாடநூலில் அது இருக்கட்டும். மெஷின் மேல் ஒட்டும் தாளில் ‘மிச்ச விசையை இறக்கு’ என்றிருந்தால் படித்ததும் புரியும். பூட்டியபின் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதிப்பதற்கு ‘ஓட்டிப்பார்த்தல்’, அவ்வளவுதான்.

நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இழப்பீடு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று வைத்தது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகப் போட்ட விதியை வேண்டுமென்றே மீறியதால் விபத்து நேர்ந்தது என்று நிறுவிவிட்டால், முதலாளி பணம் தர வேண்டியதில்லை. உயிர் போனாலோ நிரந்தரமாக முழுமையாக முடங்கினாலோ இந்த விலக்கு செல்லாது. விரல் போனவரைத்தான் இது பாதிக்கும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. சுவரில் ஆங்கிலத்தில் ஒட்டிய, யாருக்கும் புரியாத விதியைக் காட்டி, “சொன்னோம், அவர்தான் கேட்கவில்லை” என்று வாதாட இடம் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்படாத ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த இழப்பீட்டை விட்டால் வேறு போக்கில்லை.

பூட்டும் சாவியும் கொடுத்தார்களா, ஓட்டிப்பார்க்கக் கற்றுக்கொடுத்தார்களா என்று விபத்து விசாரணையில் தொழிலாளி தன் வாயால் கேட்க வேண்டும். அதற்கு அவர் நாவில் நிற்கும் சொல் வேண்டும்.

ஒன்று பாக்கி. பல பூட்டுகளைச் சேர்த்து மாட்ட உதவும் ஓட்டை வைத்த இரும்புக் கொக்கிக்கு இப்போதைக்குக் ‘கூட்டுக்கொக்கி’ என்று எழுதியிருக்கிறேன். மில்லில், ஒர்க்‌ஷாப்பில் வேறு பெயர் புழங்கினால் சொல்லுங்கள், அதையே வைத்துக்கொள்வோம்.