பேரிடர் நேரத்துல "பிரார்த்திக்கிறோம்"னு சொல்றதால யாருக்காவது உதவி இருக்கா?

தேயிலைத்தளிர்:
2024 ஜூலை 30 விடியகாலைல வயநாடு நிலச்சரிவு, முண்டக்கை சூரல்மலைன்னு நியூஸ் வந்ததுலேந்து எங்க வாட்ஸப் குரூப் முழுக்க கைகூப்புற எமோஜிதான். அங்க எஸ்டேட்ல நம்ம தமிழ்க் குடும்பங்களும் இருந்தாங்க. மண்ணுக்கடியில ஆளுங்க கெடக்கும்போது இதால என்ன ஆகும்னு மனசு கேக்க மாட்டேங்குது. சாமி கும்பிடுறவங்கள புண்படுத்த கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்.

பேராவூரணிக்காரன்:
கஜா புயல்ல மாட்டுனவன் சொல்றேன் தம்பி. 2018 நவம்பர் 16, தோப்பு மொத்தமும் ஒரே ராத்திரில சாஞ்சு கெடந்துச்சு, கரண்டும் இல்ல டவரும் இல்ல, அதனால யாரு எங்களுக்காக வேண்டுனாங்கன்னே அப்ப தெரியாது. தெரிஞ்சதெல்லாம் தண்ணி லாரி, தார்ப்பாய், வெளி மாவட்டத்துலேந்து வந்து சேத்துல நின்னு போஸ்ட் நட்ட ஈபி ஆளுங்க, அவங்கள சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா சிக்னல் வந்தப்புறம் கூடப் படிச்சவன் ஒருத்தன் துபாய்லேந்து "உன் நெனப்பாவே இருக்குடா, என்ன வேணும் சொல்லு"ன்னு அனுப்பிருந்தான், அதப் பாத்துதான் முதல் தடவ அழுதேன். குரூப்ல வந்த ஃபார்வர்டு எதுவும் ஞாபகம் இல்ல.

லேப்மேட்:
இத ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. 2006ல அமெரிக்காவுல ஹெர்பர்ட் பென்சன் குழு 1,802 பைபாஸ் நோயாளிகள வெச்சு பாத்தாங்க, முன்பின் தெரியாதவங்க வேண்டுனதால சிக்கல் ஒண்ணும் குறையல. தனக்காக வேண்டுறாங்கன்னு உறுதியா தெரிஞ்சவங்களுக்கு 59 சதவீதம் பேருக்கு சிக்கல் வந்துச்சு, வேண்டுனாங்க ஆனா அது உறுதியா தெரியாதுங்கறவங்களுக்கு 52. 2018 ஃபுளோரன்ஸ் புயலுக்கப்புறம் வடக்கு கரோலினாவுல இன்னொரு ஆய்வு, கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவங்க பிரார்த்தனை கிடைக்க காசு விட்டுக்குடுக்கவும் தயாரா இருந்தாங்க, நம்பிக்கை இல்லாதவங்க அது வேண்டாம்னு சொல்லவே காசு விட்டாங்க. அதனால எதிர்ல இருக்கறவங்க யாருன்னு பாத்து சொல்லணும்.

நாகூர்_மீரா:
வேண்டுறவங்க கைய கட்டிட்டு இருக்காங்கங்கற மாதிரி பேசாதீங்க, எனக்கு அதான் வருத்தம். 2004 சுனாமியப்போ நாகூர் தர்கா நிலத்துல மதம் பாக்காம ஜனங்கள அடக்கம் பண்ண இடம் குடுத்தாங்க. தொழுதுட்டுதான் குழி வெட்டப் போனாங்க எங்க ஊர் ஆம்பளைங்க, அந்த வேலைய வேற எந்த தெம்புல செய்ய முடியும் சொல்லுங்க. துவா கேட்டது பொணத்துக்கு மட்டும் இல்ல, தூக்குற கைக்கும்தான்.

தேயிலைத்தளிர்:
மீராக்கா, இப்டி நான் யோசிக்கல. ராணுவத்தோட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் அங்க 190 அடி பெய்லி பாலத்த (இரும்புத் துண்டுகள கோத்து சீக்கிரமா கட்டுற பாலம்) ராத்திரி பகலா நின்னு ஆகஸ்ட் 1ல முடிச்சாங்களே, அவங்களுக்காக வேண்டிக்கிறேன். அண்ணா, இப்ப என்ன அனுப்பலாம்?

பேராவூரணிக்காரன்:
பழைய துணி மட்டும் வேண்டாம்ப்பா, எங்க ஊர்ல மூட்டை மூட்டையா ரோட்டோரம் நனைஞ்சு வீணா போச்சு. கேரள முதல்வர் நிவாரண நிதிக்கு பணமா போட்டுடு. அங்க தெரிஞ்சவங்க இருந்தா இப்ப இல்ல, கூட்டமெல்லாம் போனப்புறம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு போன் பண்ணு, அப்பதான் யாரும் இருக்க மாட்டாங்க.